மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது? பம்ப்செட் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய மின் அளவுகள்

கோடை பிறந்துவிட்டால் காயில் கட்டும் கடைகளில் மோட்டார்கள் வரிசையாக நிற்கும். நெல் கதிர் பிடிக்கும் நேரத்திலோ, வாழை தார் தள்ளும் நேரத்திலோ மோட்டார் புகைந்துவிட்டால், அதன் பின்னால் வரும் செலவு எல்லோருக்கும் தெரியும். போர்வெல் மோட்டாரை மேலே தூக்க ஆள் கூலி, வண்டி வாடகை, காயில் கட்டும் செலவு என்று போகும். இவற்றோடு, தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுகிற நாட்களின் நஷ்டமும் சேரும்.

இப்படிக் கருகும் மோட்டார்களில் பெரும்பாலானவை திடீரென்று கருகுவதில்லை. பல நாட்களாக அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்து, சூடேறி, கம்பியின் மேல் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கடைசியில் ஒருநாள் நின்றுபோகின்றன. அந்த எச்சரிக்கை முழுவதையும் ஸ்டார்ட்டர் பலகையில் உள்ள ஆம்ப் மீட்டர் தினமும் காட்டிக்கொண்டே இருக்கிறது. கிராமங்களுக்குப் போகும்போது நான் பார்ப்பது என்னவென்றால், பலர் வோல்ட் மீட்டரைப் பார்த்துத்தான் மோட்டார் போடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆம்ப் மீட்டரை யாரும் கவனிப்பதில்லை. சில இடங்களில் அது பழுதாகி முள் அசையாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

ஆம்ப்ஸ் என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பது, பார்த்து என்ன முடிவெடுப்பது என்பதை இந்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

வோல்ட், ஆம்ப்ஸ், ஓம், வாட்

மேல்நிலைத் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் தண்ணீருக்கு இருக்கும். அந்த அழுத்தம் போன்றது வோல்ட். குழாய் வழியே நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் பாய்கிறது என்ற கணக்கு போன்றது ஆம்ப்ஸ். குழாய் சிறுத்திருந்தாலோ, உள்ளே பாசி பிடித்திருந்தாலோ தண்ணீர் தடைபடும். அந்தத் தடை போன்றது ஓம். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து செய்கிற வேலையின் அளவு வாட்.

ஆம்ப்ஸ் என்று நாம் சொல்வதன் முழுப் பெயர் ஆம்பியர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே மரி ஆம்பியர் (1775–1836) நினைவாக வைத்த பெயர். 1881-ல் பாரிஸில் கூடிய உலக மின் மாநாட்டில் ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய அளவுகள் பொது அளவுகளாக ஏற்கப்பட்டன. ஒரு கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடுகிறது என்றால், ஒரு நொடியில் 6-க்குப் பின்னால் 18 இலக்கங்கள் வருகிற எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் கடக்கின்றன. 2019 மே 20 முதல் இந்த எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்தே உலகம் முழுவதும் ஆம்பியரை வரையறுக்கிறார்கள்.

நமக்கு வேண்டிய கணக்குகள் மூன்றுதான்:

- ஆயிரம் மில்லி ஆம்ப்ஸ் சேர்ந்தது ஒரு ஆம்ப்ஸ்.
- ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஐந்து எச்.பி. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 3.7 கிலோவாட் என்று போட்டிருப்பது இதனால்தான்.
- வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்ப்ஸ் கிடைக்கும்.

உங்கள் மோட்டாருக்கு எத்தனை ஆம்ப்ஸ்?

மும்முனை மின்சாரத்தில் 415 வோல்ட் சீராக வரும்போது, ஒரு எச்.பி.க்கு சுமார் ஒன்றரை ஆம்ப்ஸ் என்பது எளிய கணக்கு. இதன்படி,

- 3 எச்.பி. மோட்டார்: சுமார் 4.5 ஆம்ப்ஸ்
- 5 எச்.பி. மோட்டார்: சுமார் 7.5 ஆம்ப்ஸ்
- 7.5 எச்.பி. மோட்டார்: சுமார் 11 ஆம்ப்ஸ்
- 10 எச்.பி. மோட்டார்: சுமார் 15 ஆம்ப்ஸ்

இது தோராயம்தான். போர்வெல்லில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்கள் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்ப்ஸ்தான் உங்களுக்குச் சரியான எண். மோட்டாரை உள்ளே இறக்கிவிட்டால் பெயர்ப்பலகை கண்ணில் படாது. ஆகவே இறக்குவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மோட்டார் அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அது உதவும்.

வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப்ஸ் ஏன் ஏறுகிறது?

இதுதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். "வோல்டேஜ் கம்மியா வருது, மோட்டாருக்கு கரண்ட் குறைவாத்தானே போகும்" என்று கேட்பார்கள். அப்படியில்லை. கிணற்றின் ஆழம் மாறவில்லை, தூக்க வேண்டிய தண்ணீர் மாறவில்லை. அதே வேலையைச் செய்ய வேண்டும் என்றால், வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்ப்ஸைக் கூட்டித்தான் மோட்டார் ஈடுகட்டும்.

415 வோல்ட்டில் 7.5 ஆம்ப்ஸ் இழுக்கும் மோட்டார், 350 வோல்ட்டில் ஏறக்குறைய 8.9 ஆம்ப்ஸ் இழுக்கும். ஒன்றரை ஆம்ப்ஸ்கூடக் கூடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. கம்பியில் உண்டாகும் சூடு ஆம்ப்ஸின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆம்ப்ஸ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மேலே சொன்ன கணக்கில் காயிலின் சூடு சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. டிரான்ஸ்பார்மரின் கடைக்கோடியில் இருக்கும் தோட்டங்களில், எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும்போது நடப்பது இதுதான். அக்கம்பக்கத்தில் பேசிவைத்து நேரத்தை மாற்றி ஓட்டினால் எல்லோருடைய மோட்டாருக்கும் நல்லது.

ஒரு பேஸ் போனால்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் மட்டும் அறுந்தால் மோட்டார் உடனே நிற்பதில்லை. மீதி இரண்டு பேஸில் முனகிக்கொண்டே ஓடும். அந்த இரண்டிலும் ஆம்ப்ஸ் சுமார் 1.73 மடங்கு ஏறும். 7.5 ஆம்ப்ஸ் 13 ஆம்ப்ஸ் ஆகிவிடும்; சூடு மூன்று மடங்காகும். ரிலே சரியாக வேலை செய்யாவிட்டால் காயில் கருகச் சில நிமிடங்கள் போதும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் பொருத்தியிருந்தால் ஒரு பேஸ் போன உடனே மோட்டாரை நிறுத்திவிடும். ஒருமுறை காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது.

டாங் டெஸ்டரால் பார்ப்பது எப்படி?

ஸ்டார்ட்டர் பலகையில் இருக்கும் ஆம்ப் மீட்டர் பெரும்பாலும் ஒரு பேஸை மட்டுமே காட்டும். மூன்று பேஸையும் பார்க்க டாங் டெஸ்டர் வேண்டும். கம்பியை வெட்டாமல், இடுக்கி போன்ற வாயால் கம்பியைச் சுற்றிப் பிடித்தாலே ஆம்ப்ஸைக் காட்டும் கருவி இது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். வயர்மேன் வரும்போது அவரிடம் இருக்கும் கருவியிலும் பார்க்கச் சொல்லலாம்.

இடுக்கிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். மூன்று வயர்களையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று கழித்து பூஜ்யம் காட்டும். மூன்றையும் சேர்த்துப் பிடித்தும் பூஜ்யம் வராமல் ஏதாவது எண் காட்டினால், மின்சாரம் எங்கோ மண்ணில் கசிகிறது என்று பொருள்.

மோட்டார் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து மூன்று பேஸையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 7.4, 7.6, 7.8 என்று வந்தால் கவலையில்லை. 7.0, 8.4, 7.1 என்று வந்தால் கோளாறு இருக்கிறது. சராசரி 7.5, அதிலிருந்து 8.4 விலகியிருப்பது 0.9, அதாவது 12 சதவீதம். இந்த விலகல் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஓட்டக் கூடாது.

கோளாறு மோட்டாரிலா, லைனிலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மெயினை நிறுத்திவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் ஒவ்வொரு இடமாகத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே திசையில் நகர்த்தினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டிப் பாருங்கள். கூடுதல் ஆம்ப்ஸ் பழைய லைனிலேயே நின்றால் கோளாறு லைனில். மின்வாரிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கூடுதல் ஆம்ப்ஸ் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது. வயரைக் கழற்றி மாட்டும் இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ரிலேயைத் திருகி வைக்காதீர்கள்

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலேயில் சிறிய திருகும், அதைச் சுற்றி ஆம்ப்ஸ் எண்களும் இருக்கும். டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் அதைப் பெயர்ப்பலகை ஆம்ப்ஸுக்கு வைக்க வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பொதுவாகக் காயிலுக்குப் போகும் வயரில் இருப்பதால், பெயர்ப்பலகை எண்ணில் 58 சதவீதத்துக்கு வைக்க வேண்டும். 15 ஆம்ப்ஸ் மோட்டாருக்கு 8.7 ஆம்ப்ஸ். இதை அறியாமல் 15-ல் வைத்துவிட்டால் ரிலே இருந்தும் இல்லாததுதான்.

மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலேயைக் கூட்டி வைப்பதும், ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று கேபிளில் உரித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும் நம் ஊர்களில் அன்றாடம் நடப்பவை. காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வதற்கு இது சமம். ட்ரிப் ஆனால் ஆம்ப்ஸ் ஏன் ஏறியது என்று பாருங்கள். வோல்டேஜ் குறைவா, ஒரு பேஸ் பலவீனமா, பம்பில் மணல் சிக்கியதா, பேரிங் தேய்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

கேபிளில் மிச்சம் பிடித்தால்

கிணறு ஓரிடத்தில், மீட்டர் அறை ஓரிடத்தில் என்று தூரம் அதிகமுள்ள தோட்டங்களில் கேபிள் தடிமனை கவனிக்க வேண்டும். 5 எச்.பி. மோட்டாருக்கு 300 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வயரின் தடையும் சுமார் 2 ஓம். 7.5 ஆம்ப்ஸ் ஓடும்போது வழியிலேயே சுமார் 21 வோல்ட் காணாமல் போகும். அதோடு, ஏறக்குறைய 350 வாட், அதாவது கிட்டத்தட்ட அரை எச்.பி., கேபிளைச் சூடாக்குவதிலேயே வீணாகும். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு 13 அல்லது 14 வோல்ட்டோடு நிற்கும். அலுமினியக் கேபிள் என்றால் செம்பைவிடத் தடை சுமார் 1.6 மடங்கு, அதற்கேற்ப இன்னும் தடிமனாக எடுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பும், ஒழுங்காகச் சுற்றாத ஜாயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். மோட்டாரை நிறுத்தி மெயினை இறக்கிய பிறகு, ஸ்டார்ட்டர் பெட்டியில் எந்த இணைப்பாவது கருத்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உயிரை எடுக்க எத்தனை ஆம்ப்ஸ்?

மோட்டார் போனால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே இந்தப் பகுதியை வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

மனித உடலில் ஒரு மில்லி ஆம்ப்ஸ் பாய்ந்தால் லேசாகச் சுர்ரென்று தெரியும். பத்து மில்லி ஆம்ப்ஸைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்ப்ஸில் மூச்சு தடுமாறும். ஐம்பதிலிருந்து நூறு மில்லி ஆம்ப்ஸ் வரை பாய்ந்தால் இதயத்தின் துடிப்பு குலைந்து உயிர் போகலாம்.

ஈரமான உடலின் தடை சுமார் ஆயிரம் ஓம்தான். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 0.23 ஆம்ப்ஸ், அதாவது 230 மில்லி ஆம்ப்ஸ். சேற்றுக் காலோடு ஸ்டார்ட்டரைத் தொடுகிறவர் உடலில் பாயக்கூடிய அளவு இது.

இப்போது ஃபியூஸை நினைத்துப் பாருங்கள். 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ் என்பது 15,000 மில்லி ஆம்ப்ஸ் வரை பேசாமல் இருக்கும். 230 மில்லி ஆம்ப்ஸ் அதற்குக் கொசுக்கடி. ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பாற்றுவது வயரையும் மோட்டாரையும்தான், ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் இதைப் பொருத்துங்கள். மோட்டார் உடலுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் முறையான எர்த் இணைப்பு இருக்கட்டும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காத்து வாருங்கள்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாக லைன் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரிய மின்வேலிக் கருவி ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி நேரம் மட்டுமே துடிப்பாக மின்சாரம் தந்து நின்றுவிடும். தொட்டவர் விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கும். நேரடி லைனில் அந்த இடைவெளி இல்லை. பிடித்தவரை விடாது. இரவில் மடை திருப்பப் போகும் பக்கத்துக் காட்டுக்காரரும், உங்கள் வீட்டுப் பிள்ளையும் அந்த வேலியைத்தான் தாண்ட வேண்டும். அது சட்டப்படி குற்றம். யாராவது இறந்தால் சிறைதான்.

வாசகர் கேள்விகள்

மோட்டார் போட்டவுடன் ஆம்ப் மீட்டர் முள் கடைசிவரை போய்த் திரும்புகிறது. கோளாறா?

இல்லை. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போது வழக்கமான ஆம்ப்ஸைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் இது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சில நொடிகளில் முள் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். போடுவதும் நிறுத்துவதுமாக அடுத்தடுத்து இயக்கினாலும் காயில் சூடேறும்.

ஆம்ப்ஸ் குறைவாக இழுத்தால் மோட்டாருக்கு நல்லதுதானே?

வழக்கத்தைவிடக் குறைந்தால் அதுவும் எச்சரிக்கைதான். போரில் தண்ணீர் இறங்கிப் பம்ப் வெறுமனே சுற்றும்போது ஆம்ப்ஸ் சட்டென்று குறையும். தண்ணீர்தான் நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி. தண்ணீரில்லாமல் ஓடினால் புஷ்ஷும் காயிலும் போய்விடும். ஆம்ப்ஸ் குறைந்தால் தானே நிறுத்தும் டிரை ரன் பிரிவென்டர் பொருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெபாசிட்டர் வைத்து ஓட்டலாமா?

வேண்டாம். மூன்று காயிலுக்கும் சமமாகப் போக வேண்டிய ஆம்ப்ஸ் ஏறுக்குமாறாகப் போகும். வோல்டேஜில் ஒரு சதவீத வித்தியாசம் இருந்தாலே ஆம்ப்ஸில் ஆறு முதல் பத்து சதவீதம் வரை வித்தியாசம் வரும். கெபாசிட்டர் வைத்து ஓட்டும்போது அதைவிட அதிகம். இரண்டு மணி நேரத் தண்ணீருக்காக மோட்டாரின் ஆயுளைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

மின் பில்லில் வரும் யூனிட்டும் ஆம்ப்ஸும் ஒன்றா?

இல்லை. யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம். ஆம்ப்ஸ் இந்த நொடி ஓடும் அளவு. யூனிட் மொத்தமாகச் செலவான அளவு. 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் நாலரை யூனிட் ஆகும். நமக்கு இலவச மின்சாரம் என்பதால் இந்தக் கணக்கை நாம் பார்ப்பதில்லை. ஆனால் வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் நம் மோட்டாரைச் சூடாக்கித்தான் வீணாகிறது.

பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட், 8 ஏ.எச். என்று இருக்கிறது. எவ்வளவு நேரம் வரும்?

ஏ.எச். என்பது ஆம்ப்ஸையும் மணி நேரத்தையும் பெருக்கிய கணக்கு. பம்ப் 2 ஆம்ப்ஸ் இழுத்தால் 8-ஐ 2-ஆல் வகுத்து, நான்கு மணி நேரம். நடைமுறையில் முழுவதும் தீரும்வரை ஓட்டக் கூடாது என்பதால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் என்ன செய்வது?

அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிடுங்கள். அறுந்து விழுந்த லைன் கம்பி என்றால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் செய்யுங்கள். ஆளை விடுவித்த பின் மூச்சும் துடிப்பும் இல்லையென்றால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். 108-க்கு இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும்.